வளையத்தை வெட்டினால் வடம்

கஹவத்தை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மருந்துக் கடைக்கும் டெலிபோன் கடைக்கும் நடுவில் ஒரு பூக்கடை இருந்தது. கடை என்று சொன்னால் கடைக்கே வெட்கமாக இருக்கும். ஒரு மேசை, நாலு பிளாஸ்டிக் வாளி, கூரையிலிருந்து தொங்கும் ரிப்பன் சுருள்கள், அவ்வளவுதான். தொண்ணூறுகளின் நடுவில் ஆறு வருடம் அங்கே வேலை செய்தேன். கடைக்காரி ஒரு சிங்களப் பெண்மணி. நோனா என்று கூப்பிடுவேன். கல்யாணப் பொக்கே எல்லாம் நோனா கட்டுவார், சாவுக்குப் போகும் மலர்வளையம் எல்லாம் நான் கட்டுவேன். இந்தப் பாகப்பிரிவினைக்குக் காரணம் என் விரல்கள். பொக்கேக்கு மெல்லிய விரல் வேண்டுமாம். என்னுடையது ரப்பர் மரத்தில் பால் வெட்டும் குடும்பத்து விரல்.

சும்மா சொல்லக்கூடாது, என் வளையங்கள் நன்றாகவே இருக்கும். மூங்கில் பட்டையை வளைத்துக் கட்டி, அதன்மேல் காய்ந்த வாழைச் சருகை வைத்து நாரால் இறுக்கிச் சுற்றினால் வளையத்துக்கு உடம்பு கிடைத்துவிடும். பிறகு சைப்ரஸ் இலை, அதற்குமேல் பூ. பண்டாரவளையிலிருந்து வரும் பஸ்ஸில் பூப்பெட்டி வரும், பெல்மதுளைச் சந்தியில் போய் இறக்கி எடுக்க வேண்டும். வெள்ளைச் செவ்வந்திதான் அதிகம். ஒவ்வொரு காம்பிலும் மெல்லிய கம்பி சுற்றி, ஒவ்வொன்றாகக் குத்த வேண்டும். எல்லாப் பூவும் ஒரே உயரத்தில் நின்றால் அது வளையமில்லை, விரிக்கிற பாய். செத்தவருக்கு இதெல்லாம் தெரியப் போவதில்லை. ஆனால் சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் யாருடைய வளையம் பெரிது, யாருடையது அழகு என்று பார்க்காமல் போக மாட்டார்கள். அழுதுகொண்டே பார்ப்பார்கள். வழியெல்லாம் சோதனைச் சாவடி இருந்த காலம் அது. என் பையைக் கிளறாத நாளில்லை, ஆனால் மலர்வளையத்தோடு போனால் மட்டும் பேசாமல் வழி விடுவார்கள்.

இத்தனை திறமைக்கும் எங்கள் தோட்டத்தில் எனக்குக் கிடைத்த பட்டம் சாவுப் பூக்காரி. சாயந்திர பஸ்ஸில் இறங்கி வரிசை வீடுகள் இருக்கும் லயத்துப் பக்கம் நடந்தால், சாப்பிட்டாயா என்று யாரும் கேட்பதில்லை. "இன்னைக்கு யாரு போயிட்டாங்க?" என்றுதான் விசாரிப்பார்கள். மீந்த பூவைக் கொடுத்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். அம்மன் கோயிலில் மாலை கட்டுகிற பண்டாரம் நான் கொண்டுபோன பூவை மதிலுக்கு வெளியிலேயே வைக்கச் சொன்னார். அவர் கட்டுகிற மாலை அம்மன் கழுத்தில் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கித் தொங்கும். அம்மனும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

இதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆனால் ஒரு வருடம், வைகாசியில் நடத்துவது என்று என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. என்னைவிட மூன்று வயது இளையவள். எனக்கும் வரன் வராமல் இல்லை. இரண்டு வந்தன. என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டதும் இரண்டும் தேத்தண்ணியை முழுதாகக் குடிக்காமல் எழுந்து போய்விட்டன. போனால் போகட்டும். எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசைதான். என் தங்கையின் கல்யாண மாலையை நான் கட்ட வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். என் அப்பா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். அம்மாதான் பால் வெட்டி எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தாள். அதிகம் பேச மாட்டாள். "நீ தொட வேணாம். மாலைக்கு றக்வானைக் கடையில சொல்லியாச்சு" என்றாள். ஏன் என்று கேட்டேன். பால் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். பெற்ற தாய்க்கே என் கை ஆகவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

சித்திரையில் எங்கள் அம்மனுக்குத் தேர். பக்கத்துத் தோட்டத்தில் முந்தின வருடம் தேர் வடத்துக்குப் பூச் சுற்றியிருந்தார்கள். இழுக்கிற கயிற்றுக்குப் பூவா என்று நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு வந்தோம். எங்கள் தோட்டத் தலைவருக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. தொழிற்சங்கத்துக்கும் அவரே தலைவர், கோயிலுக்கும் அவரே தலைவர். நம் தேரின் இரண்டு வடத்துக்கும் பூச் சுற்றாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தார். அவ்வளவு பூவுக்கு டவுனில் இருந்தது எங்கள் கடை ஒன்றுதான். அந்தக் கடையிலோ சாவுப் பூக்காரி உட்கார்ந்திருக்கிறாள். ஆகவே நான் பெல்மதுளைக்குப் பூப்பெட்டி எடுக்கப் போகும் புதன்கிழமையாகப் பார்த்து, வாசலில் நின்று எட்டிப் பார்த்து, நான் இல்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே போயிருக்கிறார்.

உள்ளே நடந்ததை நோனா எனக்குப் பிறகு சொன்னார். இப்போதும் நினைத்தால் தனியாகச் சிரிக்கிறேன்.

தலைவர் சிங்களம் பேசினால் சிங்களவரே கைகட்டிக் கேட்க வேண்டும் என்பது தலைவருடைய அபிப்பிராயம். கயிற்றுக்குச் சிங்களத்தில் என்ன என்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோயிருக்கிறது. மாலைக்கு மாலய என்கிறார்கள், கோயிலுக்குக் கோவில என்கிறார்கள், அப்படியானால் வடத்துக்கு வடம்தானே என்று துணிந்துவிட்டார். பூவுக்குச் சிங்களத்தில் மல். ஆக, "மல் வடம் தெக்கக்" வேண்டும் என்றார். இரண்டு பூ வடம் கேட்டதாக அவர் நினைப்பு. சிங்களத்தில் மல்வடம் என்றால் மலர்வளையம்.

நோனா திடுக்கிட்டு, யாருக்கு என்று கேட்டார். "அம்மாட்ட" என்றார் தலைவர். அம்மனுக்கு என்று பொருள்படச் சொன்னது. நோனா காதில் அது அவரைப் பெற்ற அம்மாவாக விழுந்தது. அனே பவ், ஐயோ பாவம், என்ன வயது என்று நோனா கேட்க, நூறுக்கு மேல் இருக்கும், இந்தியாவிலிருந்து எங்கள் தாத்தாமாரோடு கப்பலில் வந்தவள் என்று தலைவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எப்போது எடுக்கிறீர்கள் என்றதற்கு, சனிக்கிழமை காலை, மேளதாளத்தோடு வெடி கொளுத்தி, தோட்டத்தின் நாலு டிவிசனையும் சுற்றிக் கொண்டுபோகிறோம் என்றார். எங்கள் ஆட்கள் சாவையும் அப்படித்தான் எடுப்பார்கள் என்பது நோனாவுக்குத் தெரியும். ஒரு சந்தேகமும் வரவில்லை. கண் கலங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். ஒரு சிங்களப் பெண்ணுக்கு நம் அம்மன்மேல் இத்தனை பக்தியா என்று தலைவரும் உருகிப்போனார். போகும்போது, அந்தத் தமிழ்ப் பிள்ளையின் கை இதில் படக்கூடாது, அவளிடம் சொல்லவும் வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

கிழவி போன செய்தியை நான் தாங்க மாட்டேன் என்றுதான் அப்படிச் சொல்கிறார் என்று நோனா நினைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானமே என்னை வீட்டுக்குப் போகச் சொல்லித் தலையைத் தடவிக் கொடுத்தார். காரணம் சொல்லாமல் சனிக்கிழமை லீவு கேட்டதற்கு இத்தனை அன்பா என்று எனக்கு ஆச்சரியம். அன்று சாயந்திரம் நோனா தன் மெல்லிய விரல்களால், ஆளுயரத்தில் பாதி வருகிற இரண்டு வளையங்களைக் கட்டினார்.

சனிக்கிழமை காலை தேர் கோயில் வாசலில் நின்றது. பண்டாரம் மேலே தோரணம் கட்டி முடித்திருந்தார். இரண்டு வடமும் மொட்டையாகத் தரையில் கிடந்தன. தலைவர் நிமிடத்துக்கு ஒருமுறை றோட்டைப் பார்த்தார். கடைசியில் மேட்டுக்கு அந்தப் பக்கம் திரீவீலர் சத்தம் கேட்டது. பூ வருது என்று அவர் கையைக் காட்ட, மேளக்காரர்கள் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். திரீவீலர் நின்றது. டிரைவர் ஒரு சிங்களப் பெரியவர். தொப்பியைக் கழற்றினார். முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு ஒரு வளையத்தை இரண்டு கையாலும் ஏந்தி மெதுவாக நடந்து வந்தார். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். தலைவரிடம் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மினிய கோ?"

பிணம் எங்கே என்று கேட்கிறார். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அந்த அளவு சிங்களம் தெரியும். மேளம் நின்றுபோயிற்று.

வளையத்தில் கட்டியிருந்த ஊதா ரிப்பனில் தங்க நிறச் சிங்கள எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. தலைவர் சிங்களம் பேசுவார், படிக்க மாட்டார். கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்றார். நான் நிறுத்தி நிதானமாகப் படித்தேன். "அன்புள்ள அம்மாவுக்கு நிர்வாண சுகம் கிட்டட்டும்." செத்தவருக்குப் புத்த சமயத்தவர் சொல்லும் வாழ்த்து அது, எங்கள் அம்மனுக்கு யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பக்கத்தில் தங்கை என் கையைக் கிள்ளினாள்.

மற்றவர்கள் சிரிக்கவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டார்கள். அபசகுனம் என்றார் பண்டாரம். தேரை இன்றைக்கு இழுக்கக்கூடாது என்று ஒருவர், அடுத்த வெள்ளிக்கு மாற்றலாம் என்று ஒருவர். பூவைக் கொண்டுபோய் ஆற்றில் போடச் சொன்னார்கள். தலைவர் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். சங்கத்துக் கூட்டத்தில் தோட்டத்து மேனேஜர் துரையையே மடக்கிப் பேசுகிற மனிதர் அவர். பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. அந்த வளையத்தில் இருந்த ஒவ்வொரு பூவையும் பெல்மதுளையிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தவள் நான்.

"யாரும் சாகலைங்க" என்றேன். "சாவு வீட்டு வாசல மிதிக்காத பூவு, எப்படிங்க சாவுப் பூவாகும்? அம்மாவுக்குன்னு சொல்லி, அம்மா பேரு எழுதிக் கட்டின பூவு. வளையமா இருக்கறதுதான் தப்பு. வெட்டுனா வடம்."

பண்டாரம் என்னைப் பார்த்து, நீ தொடுவியா என்றார். தொட்டால்தானே வெட்ட முடியும் என்றேன். தலைவர் தலையைத் தூக்கினார். பண்டாரத்தைப் பார்த்தார், கறுத்துக்கொண்டு வந்த மழையைப் பார்த்தார், பக்கத்துத் தோட்டம் இருக்கும் திசையையும் ஒருதரம் பார்த்தார். "வெட்டு புள்ள" என்றார்.

திரீவீலரில் இருந்த மற்ற வளையத்தையும் இறக்கி, அரிவாளால் இரண்டின் நாரையும் அறுத்தேன். மூங்கில் பட்டை படக்கென்று நிமிர்ந்தது. ஊதா ரிப்பனைச் சுருட்டி டிரைவர் கையிலேயே கொடுத்துவிட்டேன், அவர் அதை என்ன செய்வது என்று தெரியாமல் பையில் வைத்துக்கொண்டார். இனி வெள்ளைப் பூ. முழுக்க வெள்ளையாக வடத்தில் சுற்றினால் பார்க்கிறவர்கள் மறுபடியும் பிணத்தைத்தான் தேடுவார்கள். தேர் முடிந்ததும் ஒருவர்மேல் ஒருவர் ஊற்றி விளையாட அண்டாவில் மஞ்சள் தண்ணீர் கரைத்து வைத்திருந்தார்கள். செவ்வந்தியைக் கொத்துக் கொத்தாக அதில் முக்கி எடுத்தேன். எல்லாம் ஒரே மஞ்சளாக வரவில்லை. ஓரம் மஞ்சளாகவும் நடு வெள்ளையாகவும் சிலது, திட்டுத் திட்டாகச் சிலது. அது இன்னும் அழகாக இருந்தது. அப்படி ஒரு நிறத்தைப் பண்டாரவளையில் எவரும் வளர்த்ததில்லை.

முதலில் தங்கை மட்டும்தான் வேப்பிலை உருவித் தந்தாள். பிறகு ஒரு பெண் வேலியிலிருந்த செம்பருத்தியைப் பறித்துக்கொண்டு வந்தாள். பிறகு குரோட்டன் இலை வந்தது, கமுகம் பாளை வந்தது. இருக்கிற பூவுக்கு முழு வடமும் சுற்ற முடியாது. ஆகவே முன்னால் கண்ணில் படுகிற பாகத்தில் பூவை நெருக்கி, பின்னால் போகப் போக வேப்பிலையை அதிகமாக்கினேன். இது தொழில் ரகசியம். வடத்தின் ஒரு நுனியை யாராவது இழுத்துப் பிடிக்க வேண்டும் என்றேன். பண்டாரம் வந்து பிடித்தார். பிடித்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம் நெருக்கிக் கட்டு என்று எனக்குப் புத்தியும் சொன்னார்.

முடிக்கிற நேரத்தில் நோனா வந்து சேர்ந்தார், சாவு வீட்டுக்கென்று வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு. தேரைப் பார்த்தார், அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்த அம்மனைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். நான் காதில் விஷயத்தைச் சொன்னதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினார். பார்த்தவர்கள் பக்திப் பரவசம் என்று நினைத்தார்கள். வெள்ளை உடுத்திச் சுத்தமாக வந்திருக்கிறார் என்று அவரை முன்னால் விட்டு வடம் பிடிக்க வைத்தார்கள். மழை வருவதற்குள் தேர் நாலு டிவிசனையும் சுற்றி வந்துவிட்டது.

அடுத்த வாரமே தலைவர், பூவை முதலில் வளையமாகக் கட்டிக் கொண்டுவந்தால்தான் வழியில் வாடாது, அதற்காகத்தான் தாம் அப்படிச் சொன்னது என்று எல்லாரிடமும் விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல்தான். ஆனால் தேர் முடிந்த கையோடு பெண்கள் என்னிடம் வந்து மீந்த பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். ஆவணிக் கல்யாணத்துக்கு மாலை கட்டித் தருவாயா என்று ஒரு வீட்டில் கேட்டும்விட்டார்கள். இனி அம்மாவுக்கு என்ன சாக்கு இருக்கிறது?

தேருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா வாசல்படியில் உட்கார்ந்து விரல் இடுக்கில் காய்ந்திருந்த ரப்பர் பாலை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் நின்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே, வேண்டாம் என்றாள். எனக்கு அடக்கி வைத்ததெல்லாம் வந்துவிட்டது. ஊரே வாங்குகிறது, பண்டாரமே கயிறு பிடித்தார், பெற்றவளுக்கு மட்டும் என் கை ஆகாதா, சாவுப் பூக்காரி என்று நீயும்தானே நினைக்கிறாய் என்று கத்தினேன். பக்கத்துக் காம்பிரா அறைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

அம்மா உரித்துக்கொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"ஒங் கையில என்னாடி குத்தம்? மூத்தவ இருக்க இளையவளுக்கு முடிக்கறாங்கன்னு இப்பவே வாய மெல்றாங்க. நீ கட்டுன மாலையின்னு தெரிஞ்சா மணவறையவா பாப்பாங்க? ஒன்னையத்தான் பாப்பாங்க. பாவம்னு பாப்பாங்க." உரித்த பாலை உருட்டி எறிந்தாள். "அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஒங்கப்பா போனதுலருந்து எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதத்தான் வாங்கிக்கிட்டு வாரேன். நீ வாங்க வேணாம்."

எந்தக் கல்யாணத்திலும் அம்மா மணவறைப் பக்கம் வராமல் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டு நிற்பதை எத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறேன். வேலையில் கெட்டிக்காரி, அதனால்தான் அங்கே நிற்கிறாள் என்றே நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவின் கையை எடுத்து, மீதிப் பாலை நான் உரித்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"பாக்கட்டும்மா" என்றேன் கடைசியில். "மாலை நல்லா இருந்தா எவ்வளவு நேரந்தான் என்னையப் பாப்பாங்க?"

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் றக்வானைக்கு ஆள் அனுப்பி, மாலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு மாலையையும் இரண்டு பகல் உட்கார்ந்து கட்டினேன். மல்லிகையும் மரிக்கொழுந்தும், நடுவில் சிவப்பு ரோசா. தங்கை கழுத்தில் அது ஒரு பக்கமும் ஏறவில்லை, ஒரு பக்கமும் இறங்கவில்லை. மாலை யார் கட்டியது என்று யாரோ கேட்க, தலைவர் பெருமையாக என் பக்கம் கையைக் காட்டினார். அம்மா சொன்னபடியே நடந்தது. எல்லாத் தலையும் திரும்பியது. வாய்கள் மெல்ல அசைந்தன. நான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றபோது, பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. அம்மா. அடுப்படியிலிருந்து வந்திருந்தாள், கையில் தேங்காய்ப் பூ ஒட்டியிருந்தது. மணவறைக்கு நேர் முன்னால், அத்தனை பேர் கண்ணிலும் படும்படி நின்றாள்.

"பாக்கறாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லம்மா, மாலையத்தான் பாக்கறாங்க" என்றேன்.

பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தாலி கட்டி முடியும்வரை அம்மா அங்கிருந்து நகரவில்லை.